மடியில் லேப்டாப், தொடையில் மீன்வலை மாதிரி கோடுகள்: சூடா, வைஃபை ரேடியேஷனா?

பவானிக்கரை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் கூச்சமான விஷயம், அதனால்தான் வேறு பெயரில் வந்து கேட்கிறேன், கிண்டல் செய்ய வேண்டாம்.

வயது 33. ஒன்றரை வருடமாக வீட்டிலிருந்தே வேலை. வீட்டில் இருந்த ஒரே மேஜையும் அக்கா மகன் பத்தாவது படிக்கிறான் என்று அவனுக்குப் போய்விட்டது. அதனால் சுவரோரம் ஜமுக்காளத்தை விரித்து, முதுகுக்கு ஒரு தலையணை வைத்து, காலை நீட்டி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு காலை 10 மணிக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு ஒரு தடவை எழுந்திருப்பேன், அப்புறம் ராத்திரி ஆபீஸ் மீட்டிங் முடியும் வரை அதே இடம்தான். வீட்டில் கைலிதான். சூடு தெரியும், தெரியாமல் இல்லை. ஆனால் சுடுகிறது என்று கையை எடுக்கிற சூடு இல்லை, டீ டம்ளரைப் பிடித்த மாதிரி ஒரு கதகதப்பு, மழைக்காலத்தில் சுகமாகக்கூட இருந்தது.

போன மாதம் மனைவிதான் பார்த்துச் சொன்னாள். இடது தொடையின் மேல்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு நிறத்தில் வலை விரித்த மாதிரி கோடுகள். அரிப்பு இல்லை, வலி இல்லை, தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை. வலது தொடையில் லேசாக ஆரம்பித்திருக்கிறது. படர்தாமரையாக இருக்கும் என்று மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்கிப் பத்து நாள் போட்டேன், அப்படியேதான் இருக்கிறது.

இதைக் கேள்விப்பட்ட என் அத்தை (மனைவியின் அம்மா, இப்போது எங்களோடு இருக்கிறார்) இது வைஃபை ரேடியேஷன் உள்ளே இறங்கி வெளியே தெரிகிற அடையாளம் என்று முடிவே கட்டிவிட்டார். அவரிடம் ஆதாரமும் இருக்கிறது. ஒரு நாள் லேப்டாப்பை நகர்த்தி வைக்கப் போனவருக்குக் கையில் சுருசுருவென்று இருந்திருக்கிறது, "அந்தக் கதிர் கையிலேயே பாயுது மாப்ளே" என்கிறார். தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு ரவுட்டர் ஸ்விட்சை அணைத்துவிடுகிறார். எனக்குப் பத்து மணிக்கு அமெரிக்கக்காரர்களோடு கால் இருக்கிறது.

சரி, இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் குழந்தை இல்லை. அதோடு இதையும் முடிச்சுப் போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள், இப்போது எனக்கே பயமாக இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு நெட்டில் தேடினால் கேன்சர் என்று ஒருவர் எழுதுகிறார், ஒன்றுமே இல்லை என்று இன்னொருவர் எழுதுகிறார். இந்தக் கோடு என்ன? அது வைஃபையால் வருமா? குழந்தை விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மஞ்சள்பை எழுதியது:

தம்பி, நீங்கள் "மீன்வலை" என்று எழுதியதைப் படித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் அம்மாவுக்கு இடுப்பில் அச்சு அசல் இதே மாதிரி இருந்தது. அம்மா லேப்டாப்பைத் தொட்டதே இல்லை. முதுகுவலிக்கு ரப்பர் வெந்நீர்ப் பையை வைத்தபடியே தூங்குவார், இரண்டு மூன்று வருடப் பழக்கம். நாங்களும் ஏதோ ரத்தக் கோளாறு என்று பயந்து எல்லா டெஸ்டும் எடுத்தோம். கடைசியில் ஒரு தோல் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் கேட்ட முதல் கேள்வி, "ஹாட் வாட்டர் பேக் வைப்பீங்களாம்மா?"

அதற்கு எரித்திமா அப் இக்னே என்று பெயர் எழுதிக் கொடுத்தார். லத்தீனில் "நெருப்பினால் வந்த சிவப்பு" என்று அர்த்தமாம். கொப்புளம் போடும் அளவுக்குச் சூடு இல்லாமல், சுமார் 43 முதல் 47 டிகிரி வரைக்குமான சூடு ஒரே இடத்தில் நாள்கணக்கில், மாதக்கணக்கில் பட்டுக்கொண்டே இருந்தால் தோலுக்கு அடியில் இருக்கிற சின்ன ரத்தக்குழாய்களின் அமைப்பை ஒட்டியே அந்த வலை விழும். முதலில் சிவப்பு, அப்புறம் பழுப்பு. அந்தக் காலத்தில் குளிர் நாடுகளில் கணப்பு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கும் கிழவிகளுக்குக் கால் முன்பக்கத்தில் வருமாம், ஹீட்டர் வந்த பிறகு அது குறைந்துபோய், இப்போது லேப்டாப் வந்ததும் தொடைக்கு ஏறிவிட்டது.

லேப்டாப்பால் வருவதும் டாக்டர்கள் பல வருடமாக எழுதி வைத்திருக்கிற விஷயம்தான். 2010-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழக மருத்துவமனைத் தோல் மருத்துவர்கள் ஒரு 12 வயதுப் பையனைப் பற்றிக் குழந்தை மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். தினமும் சில மணி நேரம் மடியில் வைத்து கேம் ஆடியிருக்கிறான், சில மாதத்தில் இடது தொடையில் அதே வலை. சுடுகிறது என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது, இருந்தும் எடுத்து வைக்கவில்லை. உங்களை மாதிரியேதான்.

அதனால் அந்த ட்யூபை முதலில் தூக்கிப் போடுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற படர்தாமரை ட்யூப் பலவும் ஸ்டீராய்டு கலந்ததுதான், தொடை மாதிரி இடத்தில் நாள்கணக்கில் போட்டால் அது தனிப் பிரச்சினை. தோல் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், ஏனென்றால் வேறு சில காரணங்களாலும் வலை மாதிரி வரும், அதை நேரில் பார்த்துத்தான் பிரிக்க முடியும். அம்மாவுக்குப் பையை நிறுத்திய பிறகு ஆறேழு மாதத்தில் நிறைய மங்கிவிட்டது, முழுக்கப் போகவில்லை. உங்களுடையது புதிது, சீக்கிரம் போகும் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும். "வலிக்கவில்லையே" என்று தொடர்ந்து விட்டுவிடாதீர்கள். காஷ்மீரில் காங்கிரி என்று ஒன்று இருக்கிறதே, பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதில் கரித்தணல், அதை அங்கிக்குள்ளே வயிற்றோடும் தொடையோடும் அணைத்து வைத்துக்கொள்வார்கள். வாழ்நாள் முழுக்க அப்படி வைத்தவர்களுக்கு அந்த இடத்தில் தோல் புற்றுநோய் வருவது நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த சங்கதி, காங்கிரி கேன்சர் என்றே பெயர். தணல் வேறு, லேப்டாப் வேறு, ஒன்றரை வருடம் வேறு, ஐம்பது வருடம் வேறு. பயப்படுத்தச் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஆறாத புண்ணோ தடிப்போ வந்தால் மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

வீட்டில் சர்க்கரைக்காரர்கள் யாராவது மடியில் வைத்து வேலை செய்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது, தெரியும்போது கொப்புளமே வந்திருக்கும்.


டவர்காரன் எழுதியது:

மேலே அக்கா தோல் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். ரேடியேஷன் பக்கம் நான் வருகிறேன், 14 வருடமாக டவர் ஏறுகிற பிழைப்பு, மீட்டரைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவன்.

முதலில் கணக்கு. உங்கள் லேப்டாப் வேலை செய்யும்போது இழுக்கிற கரண்ட் 20, 30 வாட், வேலை கூடினால் 50, 60 வாட்டைக்கூடத் தொடும். அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும், போவதற்கு அதற்கு வேறு இடம் கிடையாது. அதே லேப்டாப்பின் வைஃபை ஆண்டெனா அனுப்புகிற சக்தி 0.1 வாட் அளவு, அதுவும் டேட்டா அனுப்புகிற நொடியில் மட்டும். ராத்திரி எரியவிடுகிற ஜீரோ வாட்ஸ் பல்பு இருக்கிறதே (பழைய குண்டு ஜீரோ வாட்ஸ் உண்மையில் 15 வாட் வரை இழுக்கும், பெயர்தான் ஜீரோ), அதை விடப் பல மடங்கு கம்மி. மடியில் ஒரு பக்கம் 30 வாட் சூடு, இன்னொரு பக்கம் 0.1 வாட் ரேடியோ அலை. தொடையில் கோடு போட்டது எது என்று நீங்களே சொல்லுங்கள். இன்னொன்று, பெரும்பாலான லேப்டாப்பில் ஆண்டெனா ஸ்க்ரீனைச் சுற்றித்தான் ஓடும், மடியில் படுகிற அடிப்பாகத்தில் இருக்காது.

ரேடியேஷன் என்றதும் எக்ஸ்ரே, கல்பாக்கம், ஹிரோஷிமா என்று மனது ஓடுகிறது. எக்ஸ்ரே அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கிப் போடும், டிஎன்ஏவை உடைக்கும். வைஃபைக்கு அந்த வலு கிடையாது. நாம் கண்ணால் பார்க்கிற வெளிச்சத்தின் அதிர்வெண்ணே வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸைப் போல சுமார் 2 லட்சம் மடங்கு. அந்த வெளிச்சமே டிஎன்ஏவை உடைக்காது, அதற்கும் மேலே புற ஊதாவுக்குப் போனால்தான் வில்லங்கம் ஆரம்பம். ரேடியோ அலை உடம்பில் செய்கிற, சந்தேகமில்லாமல் நிரூபித்த வேலை ஒன்றுதான், சூடாக்குவது. மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அதே அதிர்வெண்தான், 2.45 கிகாஹெர்ட்ஸ், ஆனால் அங்கே 800 வாட்டை ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். 0.1 வாட்டில் சோறு சூடாகாது.

நான் டவர் வைக்கப் போனால் தெருவே திரண்டு வந்து வேண்டாம் என்கும், அடுத்த மாதம் அதே தெரு சிக்னல் இல்லை என்று கம்ப்ளெயின்ட் கொடுக்கும். டவர் தள்ளிப் போகப் போக நம் கையில் இருக்கிற போன்தான் சக்தியைக் கூட்டிக் கத்தும், காதோடு ஒட்டி வைத்திருப்பது அதைத்தான். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் டவருக்கு உலக வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி, போனுக்கு உடம்பு உறிஞ்சுகிற அளவு கிலோவுக்கு 1.6 வாட். உங்கள் போனுக்கு இந்த அளவு எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்றால் *#07# போட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் அத்தையின் கையில் பாய்ந்த கதிர். அந்த அம்மா பொய் சொல்லவில்லை, அது நிஜம், ஆனால் கதிர் இல்லை, கரண்ட். உங்கள் லேப்டாப் மெட்டல் பாடியா, சார்ஜர் இரண்டு முள் பிளக்கா? சார்ஜர் போட்டிருக்கும்போது மட்டும்தானே சுருசுரு வருகிறது? அடாப்டருக்குள்ளே மின் இரைச்சலை அடக்க ஒரு சின்ன கெபாசிட்டர் போட்டிருப்பார்கள், அது வழியாக 230 வோல்ட் பக்கத்திலிருந்து மைக்ரோ ஆம்பியர் அளவில் கரண்ட் கசிந்து மெட்டல் பாடியில் வந்து நிற்கும். எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும், எர்த் இல்லாவிட்டால் தொடுகிறவர் கை வழியாகப் போகும். புறங்கையால் லேசாகத் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும். எலெக்ட்ரீசியன் டெஸ்டரை அந்த மூலையில் வைத்துக் காட்டுங்கள், மங்கலாக எரியும், அத்தை ஒரு வாரம் அதைப் பற்றித்தான் பேசுவார். நல்ல அடாப்டராக இருந்தால் ஆபத்து இல்லை. மூன்று முள் கேபிள் உள்ள அடாப்டருக்கு மாறுங்கள், அப்படியே சுவரில் இருக்கிற மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் நிஜமாகவே எர்த் வயர் இருக்கிறதா என்றும் பாருங்கள், பழைய வீடுகளில் நிறைய இடத்தில் ஓட்டை மட்டும்தான் இருக்கும். சுருசுரு இல்லாமல் சுள்ளென்று அடித்தால், அல்லது தெருவோரம் வாங்கிய டூப்ளிகேட் சார்ஜராக இருந்தால், அன்றைக்கே மாற்றுங்கள், அதில் விளையாட்டு வேண்டாம்.


சந்தேகப்பேர்வழி எழுதியது:

டவர்காரர் டவருக்காகப் பேசுவார், அது இயல்பு. ஆனால் 2011 மே மாதம் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவே ரேடியோ அலையைப் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்று 2பி பட்டியலில் சேர்த்ததை ஏன் சொல்லவில்லை? 2012-ல் அர்ஜென்டினாவில் 29 பேரின் விந்து மாதிரியை வைஃபை ஓடுகிற லேப்டாப்புக்குக் கீழே 4 மணி நேரம் வைத்துப் பார்த்ததில் விந்தணுவின் ஓட்டம் குறைந்தது, டிஎன்ஏ உடைவு கூடியது என்று இனப்பெருக்க மருத்துவ இதழிலேயே வந்ததே? அறையை 25 டிகிரியில்தான் வைத்திருந்தார்கள், அதனால் சூடு என்றும் தள்ளிவிட முடியாது. கேட்டவர் குழந்தைக்காகக் காத்திருக்கிறார், அவரிடம் "ஒன்றுமில்லை" என்று அடித்துச் சொல்வது பொறுப்பாக எனக்குத் தெரியவில்லை. இதற்கெல்லாம் ஸ்டிக்கர், சிப் என்று விற்கிறார்களே, அதையாவது ஒட்டிக்கொள்ளலாமே, முன்னூறு ரூபாய்தான்.


டவர்காரன் எழுதியது:

அந்த 2பி பட்டியலை முழுசாகப் படித்தீர்களா? சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறு அதில் இருக்கிறது, கிழக்காசியாவின் ஊறவைத்த காய்கறி இருக்கிறது (நம் ஆவக்காய் இல்லை, கவலைப்படாதீர்கள்). 2பி என்றால் "ஆதாரம் போதவில்லை, ஆனால் கதவை மூடவும் முடியவில்லை" என்பதுதான். அதே அமைப்பு 65 டிகிரிக்கு மேல் சூடாக டீ காபி குடிப்பதை அதற்கு ஒரு படி மேலே 2ஏ-வில் வைத்திருக்கிறது. நம் ஊர் டீக்கடையை யாரும் மூடச் சொல்லவில்லை. 2024-ல் உலக சுகாதார அமைப்பே ஏற்பாடு செய்து, பல வருட ஆய்வுகளைத் திரட்டி அலசியதில் செல்போனுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு தெரியவில்லை என்றுதான் வந்தது. தலையோடு ஒட்டி வைக்கிற செல்போனுக்கே அப்படி.

ஸ்டிக்கர் மட்டும் வேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். 2020-ல் மாட்டுச் சாணத்தில் செய்த சிப்பை டெல்லியில் மேடை போட்டு வெளியிட்டார்கள், விஞ்ஞானிகள் ஆதாரம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள், ஞாபகம் இருக்கும். ஸ்டிக்கர் நிஜமாகவே அலையைத் தடுத்தால் போன் சிக்னல் கிடைக்காமல் சக்தியைக் கூட்டும். தடுக்கவில்லை என்றால் அது வெறும் ஸ்டிக்கர். இரண்டில் எதற்கு முன்னூறு ரூபாய்?

விந்தணு ஆய்வு பற்றி எனக்குப் பேசத் தகுதி இல்லை. அந்த வேலையில் இருக்கிறவர்கள் யாராவது வாருங்கள்.


நுண்ணோக்கி எழுதியது:

வந்துவிட்டேன். கருத்தரிப்பு மையத்தின் ஆண்ட்ராலஜி லேபில் (விந்தைப் பரிசோதிக்கிற இடம்) 11 வருடம், தினமும் கண்ணில் படுவது இதுதான், அதனால் கூச்சப்படாமல் எழுதுகிறேன், நீங்களும் கூச்சப்படாதீர்கள்.

அர்ஜென்டினா ஆய்வை நானும் படித்தேன். அதில் வைத்தது மனிதரை இல்லை, கிண்ணத்தில் இருந்த விந்தை. அது லேப்டாப்புக்குக் கீழே சில சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தது, நடுவில் தோல் இல்லை, தசை இல்லை, ரத்த ஓட்டம் இல்லை.  அந்த ஆய்வு ஒரு கேள்வியை எழுப்பியது, அவ்வளவுதான். அதை வைத்து "உங்களுக்குக் குழந்தை இல்லாததற்கு வைஃபை காரணம்" என்று சொன்னால் அது அநியாயம். சந்தேகப்பேர்வழி அப்படிச் சொல்லவில்லை, ஆனால் வீட்டில் இருக்கிறவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

சூடு வேறு கதை, அது என் வேலைக்குள் வருகிறது. விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே உடம்பை விட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்கத்தான், அந்தக் குளிர்ச்சியில்தான் விந்தணு உருவாகும். 2005-ல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக்கில் 29 ஆண்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்து விரைப்பையின் வெப்பத்தை அளந்தார்கள். லேப்டாப்போடு உட்கார்ந்தவர்களுக்கு இடப்பக்கம் 2.6 டிகிரியும் வலப்பக்கம் 2.8 டிகிரியும் ஏறியது. ஆனால் இதில் எல்லாரும் தவறவிடுகிற ஒன்று இருக்கிறது. லேப்டாப்பே இல்லாமல், லேப்டாப்பைத் தாங்குகிற மாதிரி தொடைகளைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தபோதே 2.1 டிகிரி ஏறிவிட்டது. அதாவது பெரும்பங்கு வேலையைச் செய்தது உட்காருகிற விதம், லேப்டாப் அதற்கு மேலே கொஞ்சம் ஏற்றியது.

அதே குழு 2011-ல் மறுபடியும் அளந்தது. தொடைகளைச் சேர்த்து மடியில் வைத்தால் 11 நிமிடத்தில் 1 டிகிரி ஏறுகிறது. நடுவில் பலகை மாதிரி லேப் பேட் வைத்தால் 14 நிமிடம். பேடும் வைத்துக் கால்களையும் நன்றாக விரித்து உட்கார்ந்தால் 28 நிமிடம். ஆன்லைனில் விற்கிற குஷன் வைத்த பலகையை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள், தொடைத் தோலைக் காப்பாற்றும், மற்றதை அவ்வளவாகக் காப்பாற்றாது.

இப்போது நேர்மையாக இன்னொரு பக்கம். இவர்கள் அளந்தது வெப்பத்தை. லேப்டாப் வைத்தவர்களுக்குக் குழந்தை பிறந்ததா இல்லையா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. சூட்டால் எண்ணிக்கை குறைந்தாலும் பெரும்பாலும் திரும்பி வரும், ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. கடுமையான காய்ச்சல் வந்து போனவரின் ரிப்போர்ட் மோசமாக இருந்து, மூன்று மாதம் கழித்து அதே ஆளுக்கு நன்றாக வருவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

தம்பி, இரண்டு வருடம் ஆகிவிட்டது என்கிறீர்கள். ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றாலே இருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் வழக்கமான கணக்கு. நீங்கள் விந்துப் பரிசோதனை செய்தீர்களா? கேள்வியில் அது இல்லவே இல்லை, அதனால்தான் கேட்கிறேன். எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மனைவிக்கு ஸ்கேன், ஹார்மோன், ட்யூப் டெஸ்ட் எல்லாம் முடித்துக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், கணவருக்கு ஒரே ஒரு டெஸ்ட்கூட எடுத்திருக்க மாட்டார்கள். அது சில நூறு ரூபாய், ஊசிகூடக் கிடையாது. 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும், ஒரு ரிப்போர்ட் சரியில்லை என்றால் சில வாரம் கழித்து இன்னொன்று எடுக்காமல் எதையும் நம்பக் கூடாது. கூடவே டாக்டரிடம் வெரிகோசீல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், விரைக்கு மேலே ரத்தக்குழாய் புடைத்துச் சூட்டைத் தேக்கி வைக்கிற கோளாறு. பொதுவாக 100 ஆண்களில் 15 பேருக்கு இருக்கும், முதல் குழந்தைக்கே தடுமாறுகிற ஆண்களில் 35, 40 பேருக்கு இருக்கும். லேப்டாப்பை விட ஆயிரம் மடங்கு முக்கியமான சந்தேகம் அது.


ஸ்க்ரூடிரைவர் எழுதியது:

எல்லாரும் உடம்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், அந்த மெஷினைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே. 19 வருடமாக சர்வீஸ். மடியிலும் மெத்தையிலும் வைத்து ஓட்டிய லேப்டாப்பைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிடலாம். ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றுகிற ஹீட்சிங்க் தகடுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு பட்டை இருக்கும், விரலால் பிடித்து இழுத்தால் முழுசாகக் கழன்று வரும். போர்வைப் பஞ்சு, தலைமுடி, தூசி எல்லாம் சேர்ந்து நெய்தது. காற்று உள்ளே வருகிற துளை அடிப்பக்கம்தான் இருக்கிறது, அதை உங்கள் கைலியும் ஜமுக்காளமும் அடைத்துவிட்டால் ஃபேன் எங்கிருந்து காற்றை இழுக்கும்? சிப் 90 டிகிரியைத் தாண்டும், தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும், நீங்கள் "லேப்டாப் ஸ்லோ" என்று என்னிடம் வருவீர்கள்.

இடது தொடையில் ஏன் அதிகம் என்று யாரும் சொல்லவில்லை. லேப்டாப்பை ஓடவிட்டுக் கையை வைத்துப் பாருங்கள், சூடான காற்று வெளியே வருகிற பக்கம் நிறைய மாடலில் இடப்பக்கம்தான், சிப்பின் சூட்டைக் கடத்துகிற ஹீட் பைப் அங்கே போய் முடியும். உங்கள் கோடும் சரியாக அதற்கு நேர் கீழேதான் இருக்கும்.

சுத்தம் செய்து, சிப் மேல் பூசியிருக்கிற, காய்ந்து போன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் சூடு நன்றாகவே இறங்கும். இன்னொன்று, டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, அல்லது மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா என்று பாருங்கள். அப்படி என்றால் பேட்டரி உப்பிவிட்டது, சூட்டில்தான் அது சீக்கிரம் உப்பும். அதை மடியில் வைப்பதை உடனே நிறுத்துங்கள், குத்தவோ அழுத்தவோ வேண்டாம், கொண்டுபோய் மாற்றுங்கள். எனக்கு ரேடியேஷனை விட அதுதான் பயம்.

நாம் மடிக்கணினி என்று பெயர் வைத்துவிட்டோம், கம்பெனிக்காரன் கையேட்டில் நோட்புக் என்று எழுதி, மடியில் நேரடியாக ரொம்ப நேரம் வைக்காதே என்று பொடி எழுத்தில் போட்டிருப்பான். யார் படிக்கிறார்கள்!


பவானிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

தோல் டாக்டர் மஞ்சள்பை அக்கா எழுதிய அதே லத்தீன் பெயரைத்தான் சொன்னார், எழுதிக் கொடுத்தது ஒரு மாய்ஸ்சரைசர் மட்டும். வலது தொடையில் இருந்தது போய்விட்டது. இடது பக்கம் மங்கிவருகிறது, வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. லேப்டாப்பைத் திறந்தால் ஸ்க்ரூடிரைவர் அண்ணன் சொன்ன அதே கம்பளிப் பட்டை, கூடவே என் மனைவியின் நீளமான முடி ஒன்று ஃபேனில் சுற்றியிருந்தது. பேட்டரி நன்றாக இருக்கிறது. 1,100 ரூபாய்க்கு ஒரு மடக்கு மேஜை வாங்கியாயிற்று, பிளாஸ்டிக் நாற்காலி வீட்டில் ஏற்கெனவே இருந்தது. முதல் வாரம் கழுத்து வலித்தது, ஸ்க்ரீன் தாழ்வாக இருந்ததால், இப்போது நாலு பழைய தொலைபேசி டைரக்டரி மேல் ஏற்றித் தனி கீபோர்டு போட்டிருக்கிறேன்.

நுண்ணோக்கி அக்கா, டெஸ்ட் எடுத்தேன். நீங்கள் கேட்டபோது கோபம்தான் வந்தது, ஏனென்றால் நீங்கள் எழுதிய மாதிரியே மனைவிக்கு மட்டும் மூன்று தடவை ஸ்கேன் எடுத்திருக்கிறோம். எண்ணிக்கை குறைவு, இடப்பக்கம் வெரிகோசீல் இருக்கிறது என்கிறார்கள். இரண்டாவது ரிப்போர்ட் அடுத்த மாதம், அதற்குப் பிறகு யூராலஜி டாக்டரைப் பார்க்க வேண்டும். இதைச் சொன்ன ராத்திரி மனைவி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "அப்பாடா" என்றாள். எனக்கு அது முதலில் புரியவில்லை.

டெஸ்டர் சோதனையும் செய்தோம். எரிந்தது. சுவரில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை, எலெக்ட்ரீசியன் வந்து எர்த் இழுத்துக் கொடுத்தார், இப்போது சுருசுரு இல்லை. அத்தை தொட்டுப் பார்த்துவிட்டு "கதிரைக் கட்டிட்டாங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். ரவுட்டரை மட்டும் இன்னும் ஒன்பதரைக்கு அணைக்கிறார், அமெரிக்கா காலுக்கு போன் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓட்டுகிறேன்.


டவர்காரன் எழுதியது:

ஹாட்ஸ்பாட்டா! ரவுட்டர் அடுத்த ரூமில் இருந்தது, இப்போது அதே வைஃபையோடு டவருக்குப் பேசுகிற போனையும் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.